ராத்திரிக் கணக்கையும் எழுதி வைப்போம்

(தேர்வாய் கண்டிகையில் நடந்த கூட்டமைப்பு ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



உடல்நலம் பத்தி அரை மணி நேரம் பேசுங்கன்னு கேட்டுக்கிட்டாங்க. சர்க்கரை, பிரஷர், ரத்தசோகை பத்தியெல்லாம் நீங்க நிறையக் கேட்டிருப்பீங்க. நான் அரசு மருத்துவமனையில நரம்பியல் பிரிவுல பல வருஷம் செவிலியரா வேலை பார்த்தவ. அதனால, மேடையில யாரும் அதிகமாப் பேசாத ஒண்ணைப் பேசலாம்னு வந்திருக்கேன். பார்க்கின்சன் நோய், தமிழ்ல நடுக்குவாதம்னு சொல்றோமே, அந்த நோய் வந்தவங்களுக்கு ராத்திரியில தூக்கம் கெடுறது, போகப் போக ஞாபகம் தடுமாறுறது, இதைப் பத்தித்தான் பேசப் போறேன்.

கை நடுங்குறது ஊருக்கே தெரியும். ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல அந்த வீட்ல என்ன நடக்குதுன்னு பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது. தெரியிறது ஒரே ஒரு ஆளுக்குத்தான். மனைவிக்கு, இல்லேன்னா மருமகளுக்கு, இல்லேன்னா மகளுக்கு. காலையில ஆறு மணி ஷிப்ட்டுன்னா நாலு மணிக்கே எழுந்து சமைக்கணும். ராத்திரி நாலு தடவை எழுப்பி விட்டா, அந்தப் பெண் எத்தனை நாள் வேலைக்குப் போவா? நோய் ஒருத்தருக்கு, கண் விழிக்கிறது ரெண்டு பேர், சம்பளம் நின்னா தவணை நிக்கிறது குழுவுக்கு. அதனாலதான் இதை நம்ம கூட்டமைப்புல பேச வேண்டிய விஷயம்னு நினைக்கிறேன்.

நான் சொல்ல வந்தது இதுதான். தூக்கம் கெடுறதும் மறதியும் அந்த நோயோட பாகம். அதுல பலதுக்கு வைத்தியம் உண்டு. ஆனா ராத்திரி என்ன நடந்துச்சுன்னு வீட்ல இருக்கிறவங்க எடுத்துச் சொன்னாத்தான் டாக்டரால அந்த வைத்தியத்தைப் பண்ண முடியும்.

நோய் என்ன பண்ணுது?

1817-ம் வருஷம் லண்டன்ல ஜேம்ஸ் பார்க்கின்சன்னு ஒரு டாக்டர், ஆறு பேரை வெச்சு இந்த நடுக்கத்தைப் பத்தி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். அவர் பேர்தான் நோய்க்கு நின்னுடுச்சு. தூக்கம் கெடுறதை அவரே கவனிச்சு எழுதியிருக்கார். ஆனா அறிவு கெடாதுன்னும் எழுதிட்டார். அதுக்கப்புறம் ரொம்ப காலத்துக்கு டாக்டருங்களும் கை கால் அசைவையே பெரிசாப் பார்த்தாங்க.

நம்ம மூளையோட அடிப்பகுதியில, கருப்பு நிறமா ஒரு சின்ன இடம் இருக்குது. அங்க இருக்கிற அணுக்கள் டோபமின்னு ஒரு பொருளைச் சுரக்குது. உடம்பு நினைச்சபடி அசையணும்னா அது வேணும். அந்த அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமா அழியிறதுதான் இந்த நோய். நடுக்கம், விறைப்பு, எல்லாமே மெதுவா ஆகிறது, நிக்கும்போது தடுமாறுறது, இதெல்லாம் அதனாலதான்.

இதைக் கண்டுபிடிச்ச கதையில நம்ம நாட்டு மூலிகை ஒண்ணு இருக்குது. சர்ப்பகந்தாவைக் கேள்விப்பட்டிருப்பீங்க. அந்த வேர்ல இருந்து எடுத்த ரெசர்பின்ங்கிற மருந்தை, ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்குக் கொடுத்தார். முயலெல்லாம் அசையாம கிடந்துச்சு. லீவோடோபாங்கிற பொருளை ஊசி மூலமாப் போட்டதும் எழுந்து நடமாட ஆரம்பிச்சுது. இது 1957-ல. லீவோடோபா மூளைக்குள்ள போய் டோபமினா மாறுது. இன்னைக்கும் இந்த நோய்க்கு முக்கியமான மாத்திரை அதுதான். கார்ல்சனுக்கு 2000-ல நோபல் பரிசு கொடுத்தாங்க.

ஆனா அழியிறது அந்த ஒரு இடம் மட்டும்னு நினைச்சுக்காதீங்க. தூக்கத்தை நடத்துற இடம், கவனத்தை நிறுத்துற இடம், கனவு வரும்போது கை காலைக் கட்டிப்போடுற இடம், இதையும் நோய் தொடுது. நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்தும் ராத்திரி சரியாகலேன்னா காரணம் அதுதான்.

தூங்கலைங்கிறது ஒரே வியாதி இல்ல

"அவரு தூங்க மாட்டேங்கிறாரு சிஸ்டர், ஒரு தூக்க மாத்திரை கொடுங்க" என்று கேட்டு வந்தவங்களை நான் கணக்கில்லாமப் பார்த்திருக்கேன். தூக்கம் கெடுறதுக்குக் காரணம் அஞ்சாறு இருக்குது. ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற.

முதல் காரணம், விறைப்பு. ராத்திரி எட்டு மணிக்குப் போட்ட மாத்திரையோட வேகம் நடுராத்திரியில தீர்ந்துபோகுது. புரண்டு படுக்க முடியல, கால் இழுத்துப் பிடிக்குது. "என்னைத் திருப்பி விடு"ன்னு கூப்பிடுறார். இவருக்குத் தூக்க மாத்திரை கொடுத்தா மரக்கட்டை மாதிரி கிடப்பார், அவ்வளவுதான். இவருக்கு வேண்டியது, மெதுவாக் கரையிற லீவோடோபா மாத்திரையைப் படுக்கும்போது கொடுக்கலாமான்னு டாக்டர் முடிவு பண்றது. கூடவே வழுவழுப்பான துணியை இடுப்புக்குக் கீழ விரிச்சா, புரள்றது சுலபமா இருக்கும்.

ரெண்டாவது, சிறுநீர். ராத்திரி மூணு நாலு தடவை போகணும். சாயந்திரத்துக்கு மேல தண்ணியைக் குறைக்கலாம். பகல் முழுக்கக் குறைச்சிடாதீங்க, மலச்சிக்கலும் மயக்கமும் வரும். படுக்கைக்குப் பக்கத்துலயே சிறுநீர் பாட்டில் வையுங்க. எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்கி விழுறது இந்த நோய்ல சகஜம். அதனால முதல்ல உட்காரணும், காலைத் தொங்கப்போட்டு ரெண்டு நிமிஷம் கழிச்சுத்தான் நிக்கணும்.

மூணாவது, காலுக்குள்ள ஏதோ ஊர்ற மாதிரி, பிசையிற மாதிரி, நடந்தா மட்டும் அடங்குற அவஸ்தை. இதுக்கு இரும்புச்சத்துக் குறைவும் ஒரு காரணமா இருக்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில தெரிஞ்சிடும்.

நாலாவது, குறட்டை விட்டு விட்டு நடுவுல மூச்சு நிக்கிறது. சாதாரணத் தூக்க மாத்திரை இவங்களுக்கு ஆபத்து. டாக்டர்கிட்ட தனியாச் சொல்லணும்.

அஞ்சாவது, பகல்லயே தூங்கி வழியிறது. பிரமிபெக்சோல், ரோபினிரோல்னு சில மாத்திரைங்க இருக்குது. அதைச் சாப்பிடுற சிலருக்கு உட்கார்ந்த இடத்துலயே சட்டுன்னு கண் சொருகிடும். அவங்க வண்டி ஓட்டவே கூடாது. இதே மாத்திரையில இன்னொரு கெடுதலும் சிலருக்கு வருது. திடீர்னு சூதாட்ட வெறி, போன்ல ரம்மி ஆடிக் காசைத் தொலைக்கிறது, கண்டதையும் வாங்கிக் குவிக்கிறது. "வயசான காலத்துல புத்தி கெட்டுப்போச்சு"ன்னு திட்டுவாங்க. மாத்திரையோட வேலையா இருக்கலாம். வெட்கப்படாம டாக்டர்கிட்ட சொல்லுங்க. அளவைக் குறைச்சா பெரும்பாலும் அடங்கும்.

கனவுல அடிக்கிறவங்க

ஆறாவதைத் தனியாச் சொல்லணும். ஒரு தடவை வெளிநோயாளி பிரிவுக்கு ஒரு அம்மா வந்தாங்க. கண்ணுக்குக் கீழ கன்னிப்போயிருந்துச்சு. கூட வந்த கணவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தார். கை மெல்ல நடுங்கிக்கிட்டிருந்துச்சு. தெருவுல எல்லாரும் இந்த வயசுல குடிச்சிட்டு அடிக்கிறார்னே பேசிக்கிட்டாங்களாம். அந்த அம்மா, "குடிக்கவே மாட்டாரு சிஸ்டர். தூக்கத்துல கத்துறாரு, காலால உதைக்கிறாரு. எழுப்பினா ஒண்ணும் தெரியாத மாதிரி முழிக்கிறாரு" என்றாங்க. அவர் அழுதுக்கிட்டே சொன்னார்: "நாய் துரத்துச்சும்மா. கல்லை எடுத்து வீசுனேன். கண்ணைத் திறந்து பார்த்தா இவ அழுதுக்கிட்டு இருக்கா."

நாம எல்லாரும் கனவுல ஓடுறோம், சண்டை போடுறோம். ஆனா படுக்கையில அசையாமத்தான் கிடக்கிறோம். கனவு வர்ற நேரத்துல மூளை நம்ம தசைகளைப் பூட்டிடுது. இந்த நோய்ல சிலருக்கு அந்தப் பூட்டு வேலை செய்யாது. கனவுல நடக்கிறது அப்படியே கை கால்ல வந்திடும். அமெரிக்காவுல ஷெங்க், மஹோவால்ட்ங்கிற டாக்டருங்க 1986-லதான் இதைத் தனி நோயா எழுதினாங்க. பல பேருக்கு இது நடுக்கம் வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடியே ஆரம்பிக்குது. தூக்கத்துல கத்துற எல்லாருக்கும் பார்க்கின்சன் வரும்னு பயப்பட வேண்டாம். ஆனா நடுவயசுக்கு மேல இது புதுசா ஆரம்பிச்சா நரம்பியல் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க.

என்ன பண்ணலாம்? முதல்ல படுக்கையைப் பத்திரம் பண்ணுங்க. கட்டிலை விட்டு, பாயோ மெத்தையோ தரையில போட்டுப் படுக்க வையுங்க. பக்கத்துல கண்ணாடி, குத்துவிளக்கு, அரிவாள்மனை எதுவும் இருக்கக் கூடாது. மனைவி கொஞ்ச நாளைக்குத் தள்ளிப் படுங்க. அதுல மானக்கேடு ஒண்ணும் இல்ல. கத்தும்போது கிட்டப் போய் உலுக்காதீங்க, தூரத்துல இருந்து பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. மருந்துன்னா மெலட்டோனின் கொடுப்பாங்க. குளோனாசிபாமும் கொடுக்கிறது உண்டு. ஆனா அது வயசானவங்களுக்குத் தள்ளாட்டத்தையும் குழப்பத்தையும் கூட்டலாம், அதனால டாக்டர் பார்த்துத்தான் கொடுக்கணும். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற சில மாத்திரைகளும் இந்தக் கத்தலைக் கிளப்பிவிடும். அதனால சாப்பிடுற எல்லா மாத்திரையையும் காட்டணும்.

இதோட ஒண்ணு சேர்த்துச் சொல்லிடுறேன். தூக்கத்துல கை படுறது நோய். முழிச்சிருக்கும்போது கை ஓங்குறவன் இந்த நோயைச் சாக்காச் சொல்ல விடாதீங்க. அதுக்கு 181 இருக்குது, போன் பண்ணுங்க.

இல்லாதது கண்ணுக்குத் தெரிஞ்சா

கொஞ்ச வருஷம் போனப்புறம் சிலர், "மூலையில யாரோ குழந்தைங்க நிக்குது பாரு", "இந்தப் பூனையை விரட்டு"ன்னு சொல்ல ஆரம்பிப்பாங்க. அங்க யாரும் இருக்க மாட்டாங்க. உடனே காத்து கருப்பு, செய்வினைன்னு ஆரம்பிச்சுடுறோம். கோயிலுக்குப் போங்க, திருநீறு பூசுங்க, மனசுக்குத் தெம்பு. ஆனா பட்டினி போடுறது, கட்டி வைக்கிறது, வேப்பிலையால அடிக்கிறது, இதெல்லாம் அந்த உடம்பு தாங்காது. நோயும், சில நேரம் மாத்திரையும் சேர்ந்து காட்டுற தோற்றம் அது.

"அங்க யாருமே இல்ல, உளறாதே"ன்னு சண்டை போடாதீங்க. "எனக்குத் தெரியல, நான் கூடவே இருக்கேன்"ன்னு சொல்லி விளக்கைப் போடுங்க. அரை இருட்டுலதான் தொங்குற சட்டை ஆளாத் தெரியும். ராத்திரி ஒரு சின்ன விளக்கு எரியட்டும். கண்ணுல புரை இருந்தா அதையும் பார்க்கணும்.

ஒரு எச்சரிக்கை. ஆளு ஆர்ப்பாட்டம் பண்றார்னு அவசரத்துல ஹாலோபெரிடால் ஊசி போட்டா, இவங்க உடம்பு கல்லா இறுகிடும். வாந்திக்குக் கொடுக்கிற மெட்டோகுளோபிரமைடு, தலைசுத்தலுக்குக் கொடுக்கிற புரோகுளோர்பெரசின், இதுவும் அப்படித்தான். டோபமின் வேலையை இதெல்லாம் அடைச்சிடுது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், காய்ச்சலுக்கே போனாலும், முதல் வார்த்தையா "இவருக்குப் பார்க்கின்சன் இருக்குது"ன்னு சொல்லுங்க. தோற்றத்துக்குப் பொருத்தமா குறைஞ்ச அளவு குயிட்டியாபின், இல்லேன்னா ரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்துக் கொடுக்கிற குளோசாபின், இப்படி வேற மருந்துங்க இருக்குது.

மறதியும் குழப்பமும்

இந்த நோய்ல வர்ற மறதி ஒரு தினுசு. பேரன் பேரு தெரியும், பழைய கதையெல்லாம் சொல்வார். ஆனா காபி போடணும்னா எதை முதல்ல எடுக்கணும், எதை அப்புறம் ஊத்தணும்னு தடுமாறுவார். கேள்வி கேட்டா பதில் வர நேரமாகும். காலையில தெளிவா இருப்பார், சாயந்திரம் வேற ஆளா இருப்பார். "வேணும்னே பண்றாரு"ன்னு நினைக்கத் தோணும். வேணும்னே பண்ணல. ஒரு நேரத்துல ஒரு வேலை, ஒரு நேரத்துல ஒரு கேள்வி, பதிலுக்குக் கொஞ்சம் பொறுமை. இதுலயே பாதி சண்டை குறையும்.

மறதின்னதும் மாத்திரை கேக்குறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க.

ஒண்ணு: இது திடீர்னு வந்துச்சா? நேத்து வரைக்கும் நல்லா இருந்தவர் ரெண்டு நாள்ல தலைகீழா மாறினா, அது பெரும்பாலும் வேற காரணம். சிறுநீர்ல கிருமி, நுரையீரல்ல சளி, உடம்புல தண்ணி வத்திப்போறது, உப்புச்சத்துக் குறையிறது, அஞ்சாறு நாள் மலம் போகாதது, புதுசாச் சேர்த்த மாத்திரை, விழுந்து தலையில அடிபட்டது. இதையெல்லாம் சரி பண்ண முடியும். காத்திருக்காதீங்க, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. காய்ச்சலோட நினைவு தப்பினா 108.

ரெண்டு: வேற குறை ஏதாவது சேர்ந்திருக்குதா? தைராய்டு, பி12 குறைவு, மனச்சோர்வு, காது கேக்காதது, ராத்திரித் தூக்கம் இல்லாதது. தூக்கம் சரியானதுமே பகல்ல புத்தி தெளிஞ்சவங்களைப் பார்த்திருக்கேன்.

மூணு: எந்த மாத்திரையாவது மறதியைக் கூட்டுதா? இதுதான் ரொம்ப முக்கியம். நடுக்கத்துக்குக் கொடுக்கிற ட்ரைஹெக்சிஃபெனிடில்னு ஒரு பழைய மாத்திரை. விலை குறைவு, நடுக்கத்தைக் குறைக்கும். ஆனா வயசானவங்களுக்கு ஞாபகத்தை மழுங்கடிக்கும், மலச்சிக்கல் தரும், இல்லாததைக் காட்டும். சளிக்கும் அரிப்புக்கும் கடையில வாங்குற சில தூக்கம் வர்ற மாத்திரை, சிறுநீர் அடக்கக் கொடுக்கிற சில மாத்திரை, இதுவும் அதே வேலையைச் செய்யும். அமன்டடின்னு ஒண்ணு, அதைச் சாயந்திரத்துல சாப்பிட்டா தூக்கத்தையே விரட்டும். இவங்கள்ல பல பேருக்கு, இன்னொரு மாத்திரையைச் சேர்க்கிறதை விட ஒண்ணை எடுக்கிறதுதான் வைத்தியமா இருக்கும்.

ஆனா எதையும் நீங்களா நிறுத்தாதீங்க. ட்ரைஹெக்சிஃபெனிடிலை மெல்ல மெல்லத்தான் குறைக்கணும். லீவோடோபாவைத் திடீர்னு நிறுத்தினா கடும் காய்ச்சல், விறைப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். "கோயில் விரதம், மூணு நாள் மாத்திரை வேண்டாம்"ங்கிற பேச்சே கூடாது. பூனைக்காலி விதையிலயும் லீவோடோபா இருக்குது, அது உண்மை. அதனாலயே அந்தப் பொடியை மாத்திரைக்கு மேல சேர்த்துக் கொடுத்தா அளவு மிஞ்சிப்போகும். கொடுக்கிறதா இருந்தா டாக்டர்கிட்ட சொல்லிட்டுக் கொடுங்க.

இவ்வளவும் பார்த்தப்புறமும் மறதி நிக்குதுன்னா, அதுக்கு ரிவாஸ்டிக்மின்னு ஒரு மருந்து இருக்குது. மாத்திரையாவும் வருது, தோல்ல ஒட்டுற பட்டையாவும் வருது. 2004-ல 541 பேரை வெச்சு நடத்தின பெரிய ஆய்வுல, இந்த மருந்து வாங்கினவங்கள்ல நூத்துக்கு ஏறக்குறைய 20 பேருக்கு நல்ல முன்னேற்றம். மருந்தில்லாத வெறும் மாத்திரை வாங்கினவங்கள்ல 14, 15 பேருக்கு. இதை எதுக்குச் சொல்றேன்னா, ஆசையும் அளவா இருக்கணும். போன ஞாபகத்தை இது திருப்பித் தராது. சிலருக்குக் கவனத்தைக் கொஞ்சம் நிறுத்தித் தரும், தோற்றங்களைக் கொஞ்சம் குறைக்கும். வாந்தி வரலாம், நடுக்கம் கொஞ்சம் கூடலாம், நாடித்துடிப்பு குறையலாம். டோனிபெசில்னு இன்னொண்ணும் கொடுக்கிறாங்க. "ஞாபக சக்தி டானிக்"னு ஆயிரக்கணக்குல விக்கிறதை நம்பிக் குழுக் கடனை எடுத்துக் கொடுக்காதீங்க.

மாத்திரை இல்லாத வைத்தியமும் இருக்குது. காலையில வெயில்ல நடக்க வைக்கிறது, பகல் தூக்கத்தை மதியம் அரை மணியோட நிறுத்துறது, சாயந்திரம் நாலு மணிக்கு மேல டீ கொடுக்காம இருக்கிறது, தினம் ஒரே நேரத்துல படுக்க வைக்கிறது. நடை தூக்கத்துக்கும் நல்லது, புத்திக்கும் நல்லது. லீவோடோபாவைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி கொடுங்க. பருப்பு, முட்டை, பால் கூடவே போனா மாத்திரை சரியா ஏறாது.

நோட்டுப் புத்தகம்

இவ்வளவு காரணம், இவ்வளவு மாத்திரை. இதுல நம்ம வீட்டு ஆளுக்கு எதுன்னு எப்படித் தெரியும்? டாக்டருக்கு ஒரு நோயாளிக்குக் கிடைக்கிறது சில நிமிஷம். "எப்படி இருக்காரு?" "அப்படியேதான் இருக்காரு சார்." அதோட முடிஞ்சிடுது.

நாம யாரு? வாராவாரம் சேமிப்பு, கடன், வட்டி, அபராதம்னு ஒரு ரூபாய் விடாம எழுதுறவங்க. தீர்மானப் புத்தகத்துல கையெழுத்து இல்லாம ஒரு முடிவும் எடுக்காதவங்க. அந்தப் பழக்கத்தை ராத்திரிக்குக் கொண்டு வாங்க.

ஒரு நோட்டு, ரெண்டு வாரம் போதும். தேதி. படுத்த நேரம். எத்தனை தடவை எழுந்தார், எதுக்கு எழுந்தார். கத்தினாரா, உதைச்சாரா. இல்லாதது ஏதாவது தெரிஞ்சுதா. பகல்ல எவ்வளவு நேரம் தூங்கினார். மாத்திரை கொடுத்த நேரம், சாப்பிட்ட நேரம். மலம் போச்சா. விழுந்தாரா. அவ்வளவுதான். எழுதத் தெரியாதவங்க கோடு போடுங்க, காலையில பிள்ளைங்களைக் கேட்டு எழுதச் சொல்லுங்க. தூக்கத்துல கத்துறதை, உதைக்கிறதைப் போன்ல அரை நிமிஷம் வீடியோ எடுங்க. அந்த அரை நிமிஷம் டாக்டருக்குப் பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லும். போகும்போது எல்லா மாத்திரை அட்டையையும், கடையில வாங்கினது, சித்த வைத்தியர் கொடுத்தது உட்பட, ஒரு பையில போட்டுக் கொண்டு போங்க.

ஒரு மருமகள் பழைய பால் கணக்கு நோட்டோட பின்பக்கத்துல எழுதிக்கிட்டு வந்தாங்க. மாமனார் தினம் ராத்திரி ரெண்டு மணிக்குச் சரியாக் கூப்பிடுறார்னு அதுல இருந்துச்சு. கடைசி மாத்திரை ஏழரைக்கு. தலைசுத்தலுக்குன்னு மருந்துக்கடையில வாங்கின ஒரு மாத்திரையும் பையில இருந்துச்சு. டாக்டர் ஒண்ணை நிறுத்தினார், ஒண்ணோட நேரத்தை மாத்தினார். புதுசா ஒரு தூக்க மாத்திரையும் எழுதல. அடுத்த தடவை வந்தப்போ அந்தப் பொண்ணு சொன்னது, "அஞ்சு மணி நேரம் சேர்ந்தாப்புல தூங்குறேன் சிஸ்டர்." அவர் தூங்குறார்னு சொல்லல, நான் தூங்குறேன்னு சொன்னா. எனக்கு அது பெரிய சந்தோஷம்.

எங்க போகலாம், யாரைக் கேக்கலாம்

கும்மிடிப்பூண்டியில ரயில் ஏறினா சென்னை. சென்ட்ரலுக்கு எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. வடசென்னையில ஸ்டான்லி. ரெண்டுலயும் நரம்பியல் பிரிவு இருக்குது. திருவள்ளூர்லயும் 2022-ல் இருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்குது. போறதுக்கு முன்னாடி எந்தக் கிழமை நரம்பியல் பார்க்கிறாங்கன்னு நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டுக்குங்க. 104-க்குப் போன் பண்ணியும் கேக்கலாம்.

2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீடு வீடாப் போற பெண் சுகாதாரத் தன்னார்வலருங்க நம்ம குழுக்கள்ல இருந்து போனவங்கதான். பிரஷர் பார்க்க வரும்போது, "எங்க வீட்ல ராத்திரி இப்படி நடக்குது"ன்னு அவங்ககிட்ட சொல்லுங்க. படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி கொடுக்கிறதும் அந்தத் திட்டத்துல உண்டு.

2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருக்கிற 21 வகையில பார்க்கின்சனும் ஒண்ணு. பல பேருக்கு இது தெரியாது. டாக்டர் சான்றிதழ் வாங்கி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். தமிழக அரசோட மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைப் பட்டியல்லயும் இந்த நோய் இருக்குது. யாருக்குக் கிடைக்கும், என்ன விதிமுறைன்னு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல கேளுங்க. ஒருத்தர் தனியாப் போனா அலைய விடுவாங்க. குழுவாப் போனா நாற்காலி போடுவாங்க. இது உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல.

குழு செய்யக் கூடியது

கடைசியா ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துல சேமிப்பு வாங்கி முடிச்சதும் ஊக்குநர் ஒரு கேள்வி கேளுங்க: "நம்மள்ல யாரு ராத்திரி தூங்கறதில்ல?" கையைத் தூக்குறவங்க எல்லாருமே சொந்த நோய்க்காகத் தூங்காதவங்களா இருக்க மாட்டாங்க. ரெண்டு பேராவது இன்னொருத்தருக்காக விழிச்சிருக்கிறவங்களா இருப்பாங்க.

அவங்களுக்கு நாம பணமாத் தர வேண்டாம். வாரத்துல ஒரு நாள் மதியம் ரெண்டு மணி நேரம் அந்தப் பெரியவர் கூட உட்காருங்க, அந்தப் பெண் கதவைச் சாத்திக்கிட்டுத் தூங்கட்டும். பத்துப் பேர் குழுவுல அந்த ஒருத்தியை விட்டா மத்த ஒன்பது பேருக்கும் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைதான் முறை வரும். அந்த வீட்டு ஆம்பளைங்ககிட்டயும் சொல்லுங்க: அப்பாவைப் பார்க்கிறது மருமகளோட வேலை மட்டுமில்ல, மகனும் வாரத்துல ரெண்டு ராத்திரி முறை எடுக்கலாம். ஷிப்ட் இல்லாத நாள்னு ஒண்ணு இருக்குதில்ல?

இந்த நோயை முழுசாக் குணப்படுத்துற மருந்து இன்னும் வரல. அதை மறைச்சுப் பேச மாட்டேன். ஆனா ராத்திரியில நாலு தடவை எழுந்தது ரெண்டு தடவையாகும். கன்னிப்போன முகம் ஆறும். மழுங்கின புத்தி, ஒரு மாத்திரையை எடுத்ததுல கொஞ்சம் தெளியும். வேலையை விடலாம்னு நினைச்ச பொண்ணு வேலையில நிப்பா. இவ்வளவு நடக்கும். அதுக்கு முதல் செலவு ஒரு நோட்டும் ஒரு பேனாவும்தான்.